கரிக்குள் இருக்கும் மின்சுமை: நெய்வேலி வேதியியல் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்



நெய்வேலி நகரியத்து வட்டங்களிலிருந்தும், மந்தாரக்குப்பம், வடலூர், குறிஞ்சிப்பாடி பக்கத்து ஊர்களிலிருந்தும் கல்லூரிக்குப் போய் வேதியியலோ உயிர்வேதியியலோ படிக்கிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுப்பதே என் தொழிலாக இருந்தது. இறுதியாண்டு வந்ததும் புராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடி அலைவீர்கள். சீனியர் விட்டுப்போன ரெக்கார்டைப் புரட்டுவீர்கள், எங்கோ யாரோ செய்ததைச் சிறிது மாற்றிச் செய்வீர்கள். இந்த ஆண்டு அப்படிச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல். நீங்கள் குடியிருக்கும் தரைக்கு அடியிலேயே ஒரு தலைப்பு கிடக்கிறது.

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணற்றுக்குத் துளை போட்டபோது தண்ணீரோடு கரிய பொருள் ஒன்று வந்த கதையை நீங்கள் சிறுவயதிலிருந்தே கேட்டிருப்பீர்கள். லிக்னைட் என்னும் அந்தப் பழுப்பு நிலக்கரியை வெட்ட 1956இல் நிறுவனம், 1957இல் சுரங்க வேலை, 1961இல் கரி முகம் கண்டது, 1962இல் மின்சாரம். இந்த வரலாற்றில் லிக்னைட்டுக்கு ஒரே ஒரு வேலைதான்: எரிவது. எரிபொருள் என்று மட்டுமே அதைப் படித்துவிட்டு இந்த ஊரைவிட்டுப் போய்விடாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. அந்தக் கரிக்குள் மின்சுமை ஏறிய பாலிமர் இருக்கிறது. நொதிகளைப் பிடித்து நிறுத்தவும், அவற்றின் போக்கை மாற்றவும் அதற்கு வலு உண்டு.

யூரியாவிலிருந்து தொடங்குகிறேன். வயலுக்கு உப்பு போடுவது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அந்த யூரியா. அதில் 46 விழுக்காடு தழைச்சத்து. ஆனால் யூரியா யூரியாவாகவே இருக்கும்வரை நெல்லுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. மண்ணில் இருக்கும் யூரியேஸ் என்ற நொதி அதை உடைத்து அம்மோனியாவும் கரியமில வாயுவும் ஆக்க வேண்டும். இந்த நொதியைத்தான் ஜேம்ஸ் சம்னர் 1926இல் வாள் அவரை விதையிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்தார். நொதி என்பது புரதம்தான் என்று உலகம் ஏற்கத் தொடங்கியதும் அந்தப் படிகத்திலிருந்துதான். 1946இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இங்கே நெய்வேலியிலேயே 1966இல் யூரியா ஆலை ஓடத் தொடங்கியது. முதலில் லிக்னைட்டையே வாயுவாக்கி உரம் செய்தார்கள். ஆலை இப்போது இல்லை. யூரியா மட்டும் சுற்றுவட்டார வயல்களில் இன்றும் விழுந்துகொண்டிருக்கிறது.

இப்போது ஒரு கேள்வி. மண்ணில் இருக்கும் யூரியேஸில் கணிசமான பகுதி உயிருள்ள நுண்ணுயிரிகளுக்குள் இல்லை. நுண்ணுயிரி செத்து, செல் உடைந்து, வெளியே வந்து கிடக்கிறது. புரதம் இப்படித் தனியே மண்ணில் கிடந்தால் புரதத்தைத் தின்னும் வேறு நொதிகள் அதைச் சில நாளில் தீர்த்துவிட வேண்டும். தீர்வதில்லை. காயவைத்துப் பையில் கட்டி நெடுநாள் வைத்திருந்த மண்ணில்கூட யூரியேஸ் வேலை செய்கிறது. ரிச்சர்டு பர்ன்ஸும் மெக்லாரனும் அவர்களுடைய கூட்டாளிகளும் 1972இல் இதன் காரணத்தைத் தேடினார்கள். மண்ணிலிருந்து யூரியேஸ் திறனோடு ஒரு கரிமப் பகுதியைப் பிரித்தெடுத்தார்கள். புரதத்தைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்தும் அதற்குள் இருந்த யூரியேஸ் அழியவில்லை. மக்கிய கரிமப் பொருள் நொதியைப் பற்றிப் பிடித்துக் காத்துவந்திருக்கிறது.

அந்தக் கரிமப் பொருளில் முக்கியமானது ஹியூமிக் அமிலம். 1786இல் ஜெர்மனியில் ஃபிரான்ஸ் கார்ல் அகார்டு கரிச்சேற்றைக் காரத்தில் ஊறவைத்து முதன்முதலில் இதைப் பிரித்தார். செய்முறை இன்றும் ஏறக்குறைய அதேதான். காரத்தில் கரையும், அமிலம் விட்டால் கரும்பழுப்புக் கூழாக அடியில் படியும். லிக்னைட் இதன் வளமான சுரங்கம். மக்கி, இன்னும் முழுக்கக் கல்லாகாத நிலையில் இருப்பதால், நன்கு முற்றிய கறுப்பு நிலக்கரியைவிட இதில் ஹியூமிக் அமிலம் அதிகம். நெய்வேலி நிறுவனத்தின் ஆராய்ச்சி மையமான கார்டு லிக்னைட்டிலிருந்து பொட்டாசியம் ஹியூமேட் எடுக்கும் வழியை உருவாக்கியது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தாரும் அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலத்தாரும் நெய்வேலிக் கரியின் ஹியூமிக் அமிலத்தைப் பயிருக்கு இட்டுப் பார்த்திருக்கிறார்கள். விளைச்சல் எவ்வளவு கூடியது என்ற கணக்கை நீங்கள் அங்கே படிக்கலாம். நான் உங்களைப் பார்க்கச் சொல்வது அதற்கு ஒரு படி கீழே, மூலக்கூறு மட்டத்தில் நடப்பதை.

ஹியூமிக் அமிலத்துக்கு ஒற்றை வாய்பாடு கிடையாது. சிறிதும் பெரிதுமான பல மூலக்கூறுகள் வலுவற்ற பிணைப்புகளால் கூடி நிற்கும் கலவை என்றே இப்போது பலர் கருதுகிறார்கள். ஆனால் அதன் உடம்பெங்கும் கார்பாக்சில் தொகுதிகளும் ஃபீனால் தொகுதிகளும் உண்டு. மண்ணின் இயல்பான பி.எச். அளவிலேயே கார்பாக்சில் தொகுதிகள் ஹைட்ரஜன் அயனியை விட்டுவிட்டு எதிர்மின்சுமை பெறுகின்றன. நொதியும் மின்சுமை கொண்டதே. தனது சமமின்புள்ளிக்குக் கீழே உள்ள பி.எச்.-இல் நேர்மின்சுமையும் அதற்கு மேலே எதிர்மின்சுமையும் காட்டும். டிரிப்சின் என்ற நொதியின் சமமின்புள்ளி 10ஐ ஒட்டியது; ஆகவே நடுநிலைக் கரைசலில் அது நேர்மின்சுமையோடு வந்து எதிர்மின்சுமைப் பாலிமரில் ஒட்டிக்கொள்ளும். யூரியேஸ் அப்படி எளிதில் வசப்படாது. வாள் அவரை யூரியேஸின் சமமின்புள்ளி 5 அளவில் இருப்பதால், பி.எச். 7இல் அதுவும் எதிர்மின்சுமை, ஹியூமிக் அமிலமும் எதிர்மின்சுமை. இரண்டும் விலகத்தானே வேண்டும்? விலகாமல் சேர்கின்றனவே, எப்படி? புரதத்தின் மேற்பரப்பில் ஆங்காங்கே நேர்மின்சுமைத் திட்டுகள் இருக்கின்றன. மண்ணில் உள்ள கால்சியம் இரண்டுக்கும் நடுவே பாலம் போடுகிறது. நீரை வெறுக்கும் பகுதிகள் ஒன்றையொன்று அணைகின்றன. இவற்றில் உங்கள் ஊர் மண்ணில் எது எவ்வளவு என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். நல்ல புராஜெக்ட்டுக்கு இதைவிட நல்ல கேள்வியை என்னால் சொல்ல முடியவில்லை.

பிடித்து வைப்பது பாதிக் கதைதான். பிடிபட்ட நொதியின் நடத்தை மாறிவிடுகிறது. இதைத் தெளிவாகக் காட்டியவர்கள் இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தில் எஃப்ரைம் கட்சால்ஸ்கியின் குழுவினர். கோல்ட்ஸ்டைன், லெவின், கட்சால்ஸ்கி மூவரும் 1964இல் வெளியிட்ட ஆய்வில், எத்திலீனும் மாலியிக் அமிலமும் சேர்ந்த எதிர்மின்சுமைப் பாலிமரில் டிரிப்சினைப் பிணைத்தார்கள். தனியே இருந்தபோது 8ஐ ஒட்டிய பி.எச்.-இல் சிறப்பாக வேலை செய்த நொதி, உப்புக் குறைந்த கரைசலில் அதைவிட ஏறத்தாழ 2.5 அலகு மேலே போய்த்தான் தன் உச்சத்தைத் தொட்டது. காரணம் எளிது. எதிர்மின்சுமைப் பாலிமர் தன்னைச் சுற்றி ஹைட்ரஜன் அயனிகளை ஈர்த்துச் சேர்த்துக்கொள்கிறது. வெளியே உங்கள் பி.எச். மீட்டர் காட்டும் அளவு வேறு. நொதி நிற்கும் இடத்தில் உள்ள அளவு வேறு. 2.5 அலகு என்றால் நொதியின் பக்கத்தில் ஹைட்ரஜன் அயனிகள் ஏறத்தாழ 300 மடங்கு. கரைசலை இன்னும் காரமாக்கினால்தான் நொதிக்கு ஏற்ற நிலை அதன் பக்கத்தில் வரும்.

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்தது. கரைசலில் உப்பைக் கூட்டினார்கள். அந்த இடப்பெயர்ச்சி சுருங்கிவிட்டது. உப்பின் அயனிகள் பாலிமரின் மின்சுமையை மூடி மறைத்துவிட்டன. அதாவது நொதியின் குணம் மாறியது அதன் உருவம் கெட்டதால் வந்ததன்று, பக்கத்து மின்சுமையால் வந்தது என்பதற்கு உப்பே சாட்சி. ஒரு சிட்டிகை உப்பால் இவ்வளவு பெரிய கேள்விக்கு விடை காண முடிந்தது. கோடிக்கணக்கில் விலையுள்ள கருவி இல்லை என்று மனம் தளரும் எல்லா மாணவர்களுக்கும் இதை நான் சொல்வதுண்டு.

மின்சுமைப் பாலிமர் நெய்வேலிக்குப் புதிதும் இல்லை. உங்களில் பலருடைய அப்பாவோ மாமாவோ அனல்மின் நிலையத்து டி.எம். பிளான்டில் வேலை பார்த்திருப்பார்கள். அங்கே கொதிகலனுக்குப் போகும் நீரிலிருந்து உப்புகளை எடுக்கும் ரெசின் மணிகள் மின்சுமைப் பாலிமர்களே. செயற்கை ரெசின்களை ஆடம்ஸும் ஹோம்ஸும் 1935இல் இங்கிலாந்தில் உருவாக்கினார்கள். ஏறக்குறைய அதே காலத்தில், கந்தக அமிலத்தில் பக்குவம் செய்த நிலக்கரியும் நீரை மென்மையாக்கப் பயன்பட்டது. கரியை எரிக்காமல் மின்சுமைக்காகப் பயன்படுத்தும் எண்ணம் அவ்வளவு பழையது. நொதியைத் திடப்பொருளில் ஒட்டவைத்தும் அது வேலை செய்யும் என்று நெல்சனும் கிரிஃபினும் 1916இலேயே காட்டினார்கள். அவர்கள் இன்வெர்டேஸை ஒட்டவைத்த பொருள்களில் ஒன்று மரக்கரி.

1969இல் ஜப்பானின் தனாபே செய்யாகு நிறுவனத்தில் இச்சிரோ சிபாட்டாவின் குழு இந்த இரண்டு வழிகளையும் ஒன்று சேர்த்தது. டி.எம். பிளான்டில் உள்ள எதிரயனி ரெசினைப் போலவே நேர்மின்சுமை கொண்ட டி.இ.ஏ.இ. செஃபாடெக்ஸில் அமினோஅசைலேஸ் நொதியைப் பிடித்து நிறுத்தி, குழாய்க்குள் கரைசலை ஓடவிட்டு அமினோ அமிலம் தயாரித்தார்கள். நிலைநிறுத்திய நொதி தொழிற்சாலைக்குள் நுழைந்த முதல் நிகழ்வு அது. நொதியின் திறன் குறைந்தபோது குழாயைக் கழற்றவில்லை. புதிய நொதிக் கரைசலை அதே ரெசின் மேல் ஊற்றினார்கள், மின்சுமை அதைப் பிடித்துக்கொண்டது. டி.எம். பிளான்டில் அமிலமும் காரமும் விட்டு ரெசினை மறுபடி உயிர்ப்பிக்கும் அதே வேதியியல்தான்.

இன்று சர்க்கரை நோயாளிகள் கையில் ஒட்டிக்கொள்ளும் தொடர் சர்க்கரை அளவிகளில் ஒருவகைக்கு அடிப்படை, ஆடம் ஹெல்லர் உருவாக்கிய ஆஸ்மியம் கொண்ட நேர்மின்சுமைப் பாலிமர். எதிர்மின்சுமை கொண்ட குளுக்கோஸ் ஆக்சிடேஸை அது பிடித்து வைப்பதோடு, நொதியிலிருந்து எலக்ட்ரானை மின்வாய்க்குக் கடத்தவும் செய்கிறது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நமக்கு மண் இருக்கிறது.

மண்ணுக்கு இது ஏன் வேண்டும்? வயலில் போட்ட யூரியாவை யூரியேஸ் வேகமாக உடைத்துவிட்டால், குருணையைச் சுற்றிப் பி.எச். ஏறி, அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். உழவர் காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து காற்றில் போகிறது. 2015இல் நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமானது. வேம்பு முக்கியமாக அடுத்த படியில், அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதைத் தடுக்கிறது. முதல் படியான யூரியேஸை நெறிப்படுத்தும் வழி தனியே தேவை. இங்கேதான் ஹியூமிக் அமிலம் வருகிறது. அது யூரியேஸைப் பிடித்து அதன் வேகத்தைக் குறைக்கலாம். அமிலத்தன்மையால் குருணையைச் சுற்றிப் பி.எச். ஏறாமல் தாங்கலாம். தன் எதிர்மின்சுமையால் அம்மோனியம் அயனியைப் பறக்கவிடாமல் பிடித்து வைக்கலாம். மூன்றும் மின்சுமையின் வேலைகளே.

'லாம்' 'லாம்' என்று நான் எழுதுவது வேண்டுமென்றேதான். உரக்கடைக்குப் போனால் ஹியூமிக் ஆசிட் பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. எல்லாப் பயிருக்கும் எல்லா நோவுக்கும் மருந்து என்று அட்டை சொல்கிறது. 2021இல் மத்திய அரசு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் உயிர்த்தூண்டிகள் என்ற பிரிவைச் சேர்த்து, ஹியூமிக், ஃபுல்விக் அமிலங்களை அதற்குள் கொண்டுவந்தது. நல்ல முயற்சி. ஆனாலும் ஹியூமிக் அமிலம் எல்லா நொதிக்கும் எல்லா மண்ணிலும் ஒரே விதமாக நடந்துகொள்ளாது. ஆஸ்திரேலியாவில் லாடும் பட்லரும் செய்த ஆய்வுகளில் சில புரதச் சிதைப்பு நொதிகளை அது தடுத்தது, சிலவற்றை அவ்வளவாகத் தொடவில்லை. பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்காட்டுச் செம்மண்ணில் வரும் விடை, வீராணத்துப் பாசன வயலின் களிமண்ணில் வராமல் போகலாம். களிமண்ணுக்கும் எதிர்மின்சுமை உண்டு, கால்சியமும் அங்கே கூடுதல். ஒரு பாட்டில் அட்டையை நம்பி உழவர் பணம் போடும்போது, அந்த மண்ணில் அளந்து பார்த்த எண் ஒன்றாவது அவர் கையில் இருக்க வேண்டாமா? அதை அளக்கக் கற்றவர்கள் நீங்கள்.

எப்படிச் செய்வது என்று சொல்லிவிடுகிறேன். லிக்னைட்டை உரிய அனுமதியோடு கேட்டு வாங்குங்கள். பொடித்துச் சலித்து, அரை மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இரவு முழுதும் கலக்கி வடிகட்டுங்கள். வடிநீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பி.எச். 2க்குக் கீழே வரும்வரை விட்டால் கூழ் இறங்கும். அதைக் குளோரைடு போகும்வரை கழுவி, மறுபடி சிறிது காரத்தில் கரைத்துப் பி.எச். 7க்குக் கொண்டுவாருங்கள். இதுவே உங்கள் பொட்டாசியம் ஹியூமேட்.

மண்ணின் யூரியேஸை அளக்க டபாடபாயும் பிரெம்னரும் 1972இல் வகுத்த முறை போதும்: தாங்கல் கரைசலில் மண்ணோடு யூரியா சேர்த்து 37 டிகிரியில் 2 மணி நேரம் வைத்து, உண்டான அம்மோனியத்தை ஆவி வடித்தலால் அளப்பது. கெல்டால் கருவி உள்ள கல்லூரியில் செய்துவிடலாம். நிறமானியில் அளக்கப் போகாதீர்கள். ஹியூமேட்டின் பழுப்பு நிறமே உங்களை ஏமாற்றும். ஆவி வடித்தலுக்கு முன் மண்ணைப் பொட்டாசியம் குளோரைடுக் கரைசலில் நன்றாகக் கலக்கி எடுங்கள். எடுக்காவிட்டால் ஹியூமிக் அமிலம் பிடித்து வைத்திருக்கும் அம்மோனியம் உள்ளேயே தங்கிவிடும். நீங்கள் நொதி மந்தமாகிவிட்டது என்று தவறாக எழுதிவிடுவீர்கள். இந்த இடத்தில் சறுக்கிய அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஒப்பீட்டுக் குழாய்கள் இல்லாமல் எந்த எண்ணையும் நம்பாதீர்கள். மண் மட்டும், மண்ணும் யூரியாவும், இவற்றோடு ஹியூமேட், அடுத்ததில் ஹியூமேட்டுக்குப் பதில் அதே அளவு பொட்டாசியம் உள்ள பொட்டாசியம் குளோரைடு, கடைசியில் ஆட்டோகிளேவில் வைத்து நொதி செத்த மண். ஐந்தும் வேண்டும். அதன்பிறகு கட்சால்ஸ்கி குழுவின் உப்புச் சோதனை. வாள் அவரை, சோயா, தர்பூசணி இவற்றில் ஒன்றின் விதையிலிருந்து யூரியேஸ் சாறு எடுத்து, ஹியூமேட்டோடு சேர்த்து, பல பி.எச். அளவுகளில் அதன் வேகத்தைக் கோடு வரையுங்கள். சோடியம் குளோரைடைக் கூட்டி மறுபடி வரையுங்கள். இரண்டு கோடுகளும் விலகினால் மின்சுமை அங்கே வேலை செய்கிறது. விலகாவிட்டால் பிடிப்பு வேறு வகை. எந்த விடை வந்தாலும் அது விடைதான். எதிர்பார்த்தது வரவில்லை என்று எண்ணைத் திருத்தாதீர்கள்.

இன்னொரு மண்ணும் உங்களுக்குப் பக்கத்தில் உண்டு. கரிக்கு மேல் இருந்து வெட்டி எடுத்துக் கொட்டிய மேல்மண் குன்றுகள். அதில் கரிமம் மிகக் குறைவு, நுண்ணுயிர் குறைவு, ஆகவே நொதியும் குறைவு. தோண்டிய நிலம் மறுபடி உயிர்பெறுகிறதா என்று உலகெங்கும் சுரங்க மண்ணில் யூரியேஸ், ஃபாஸ்ஃபடேஸ், டீஹைட்ரஜனேஸ் அளந்துதான் பார்க்கிறார்கள். மரம் நட்டுப் பச்சையாவதைக் கண்ணால் பார்க்கலாம். மண் உயிர்பெற்றதை அறிய நொதி நல்ல அளவுகோல். அந்தக் குன்றின் அடியிலிருந்து எடுத்த கரியின் ஹியூமிக் அமிலமே அந்த மண்ணில் நொதியைத் தங்க வைக்குமா என்பது இந்த ஊரே கேட்க வேண்டிய கேள்வி. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கேள்வியில் எல்லோரையும்விட உரிமை அதிகம்.

உங்கள் துறைத்தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. இது ஒரு மாணவர் ஒரு பருவத்தில் முடித்துவிடக்கூடிய வேலை அன்று. ஒரு கல்லூரி செம்மண்ணை எடுக்கட்டும், இன்னொன்று களிமண்ணை எடுக்கட்டும், மூன்றாவது சுரங்கக் குன்றுக்குப் போகட்டும். செய்முறையை ஒன்றாக வைத்துக்கொண்டால் எண்களை ஒப்பிடலாம். அடுத்த ஆண்டு வரும் மாணவர் முதலிலிருந்து தொடங்காமல், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

மாணவர்களே, இந்தப் பருவத்திலேயே ஆரம்பியுங்கள். உங்கள் ஊர் வயல் ஒன்றின் யூரியேஸை ஹியூமேட் இட்டும் இடாமலும் அளந்து, வந்த எண்ணை ரெக்கார்டில் மட்டும் வைத்துவிடாமல், அந்த வயலுக்குச் சொந்தக்காரரிடம் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்,
நெய்வேலி நகரியத்தில் வாழும் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்